மாமனுக்கு ஒரு பாட்டு பாடு, கண்ணு

எங்கள் வீட்டுக்கு வருகிறவர்களுக்குக் காப்பி உண்டு. முறுக்கு இருந்தால் முறுக்கும் உண்டு. அரசியல் பேசலாம். என் தொப்பையைப் பற்றியும், தலைமுடி எந்தத் திசையில் போய்விட்டது என்பதைப் பற்றியும் விசாரிக்கலாம். நாற்பத்தெட்டு வயதில் இவையெல்லாம் பொதுச் சொத்து. ஒன்றுக்கு மட்டும் அனுமதி இல்லை. என் மகளைக் கூப்பிட்டு, கூடத்தின் நடுவில் நிறுத்தி, "எங்க, ஒரு பாட்டு பாடு பாக்கலாம்" என்று சொல்லக் கூடாது. சொன்னால் நான் எழுந்து இரண்டு பேருக்கும் நடுவில் வந்து நிற்பேன். நான் நடுவில் நின்றால் மறுபக்கம் ஒன்றும் தெரியாது. அந்த வகையில் தொப்பை உதவுகிறது.

இப்படி ஒரு சட்டம் போடுவது நம் பக்கத்தில் லேசான காரியமல்ல. விருந்தாளி வந்தால் தண்ணீர் கொடுத்து, மின்விசிறியைப் போட்டு, பிள்ளையைப் பாடச் சொல்வதுதான் உபசாரம். பிள்ளை பாவாடை நுனியை முறுக்கும், மேலே பார்க்கும், முதல் வரியைத் தரையிடம் சொல்லும். எல்லோரும் கை தட்டுவார்கள். "வெக்கப்படுது" என்பார்கள். பேச்சு மழைக்குத் திரும்பும். என்ன பாட்டு பாடியது என்று ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. இந்தச் சடங்கை நான் என் வீட்டில் நிறுத்தினேன். அதனால் எனக்குக் கிடைத்த பட்டங்கள்: திமிர் பிடித்தவன், படித்துக் கெட்டவன், பெண்டாட்டி வீட்டு மனிதர்களை மதிக்காதவன். இரண்டாவது மட்டும் உண்மை.

நான் குடியிருப்பது தருமபுரிப் பக்கம், பாப்பாரப்பட்டியில். வேலை ஒரு சின்ன நூலகத்தில். காலையில் நாளிதழ் படிக்க நாலு பேர் வருவார்கள்; அதில் ஒருவர் உண்மையிலேயே படிப்பார். மற்ற நேரமெல்லாம் படிப்பது என் பொறுப்பு. எனக்குக் கல்யாணம் தாமதம், குழந்தை அதைவிடத் தாமதம். ஆகவே மகள் பிறந்தபோது குழந்தை வளர்ப்பில் எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை, குழந்தையைத் தவிர.

ஐந்து வயதில் அவள் எந்நேரமும் ராகம் இழுத்துக்கொண்டே இருப்பாள். பாட்டு என்று சொல்ல முடியாது. வாயை மூடிக்கொண்டு, மூக்குக்கும் தொண்டைக்கும் நடுவில் எங்கோ. செருப்பு மாட்டும்போது, களியைக் கிள்ளிக் குழம்பில் தோய்க்கும்போது, குளியலறையில் வாளி நிறையும்வரை. அதற்குத் தொடக்கமும் கிடையாது, முடிவும் கிடையாது. கோயில் ஒலிபெருக்கியில் இருந்து ஒரு துண்டு, தக்காளி வண்டிக்காரரின் கூவலில் இருந்து ஒரு துண்டு. எங்கள் வழியில் ஓடும் தனியார் பேருந்துகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு ராக ஹாரன் உண்டு. வண்டி முக்கு திரும்புவதற்கு முன்பே "பென்னாகரம் வண்டி" என்பாள். பெரும்பாலும் சரியாக இருக்கும். பக்கத்து வீட்டில் கன்னடம் பேசுகிறார்கள். அந்த வீட்டுப் பெண்ணோடு விளையாடப் போய், நாலே மாதத்தில் கன்னடத்தில் சண்டை போடக் கற்றுக்கொண்டாள். யாரும் எழுத்துப் பலகையைக் காட்டிப் பாடம் நடத்தவில்லை. யாரும் தேர்வு வைக்கவில்லை.

குழந்தை எப்படிக் கற்றுக்கொள்கிறது என்பதற்கு வேண்டிய அத்தனை விடையும் என் கண்ணெதிரே செருப்பு மாட்டிக்கொண்டிருந்தது. நான் அதைப் பார்க்கவில்லை. படித்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஆண்டு அவளுக்குக் காது குத்து வைத்தோம். தாய்மாமன் மடியில்தான் குழந்தை உட்கார வேண்டும். அவர் கொண்டுவருகிற சீர்தான் ஒரு மாதத்துக்கு ஊர்ப் பேச்சு. என் மனைவியின் அண்ணன் மொரப்பூர் பக்கம் விவசாயம் செய்கிறவர். பெரிய மனது, அதைவிடப் பெரிய குரல். பம்பை முன்னால் அடித்துப் போக, சீர்த்தட்டுகள் வரிசையாக வந்தன. வாழைப்பழம், தேங்காய், பட்டுப் பாவாடை, வெள்ளிக் கொலுசு, அதற்கும் பின்னால் இரண்டு ஆள் தூக்கிக்கொண்டு நீளமாக ஒரு கீபோர்டு. மேலே ரோஜா மாலை சார்த்தியிருந்தது. தூரத்தில் இருந்து பார்த்தால் வேறு ஏதோ ஊர்வலம் போலத் தோன்றியது. நல்ல நாளில் அதைச் சொல்லக் கூடாது என்பதால் என் மனைவியின் காதில் மட்டும் சொன்னேன். அவள் கிள்ளிய இடம் இரண்டு நாள் சிவந்திருந்தது.

"பாப்பா வாயத் தொறந்தா பாட்டுதான் மாப்ள. சும்மா வுட்டுறக் கூடாது," என்றார் மச்சான். "நல்ல கிளாஸா பாத்து சேத்துவுடுங்க. நாளைக்கு டிவியில வந்து நிக்கணும்."

சீராக வந்த பொருளைப் பரணில் போட முடியாது. போட்டால் கொடுத்தவரையே பரணில் போட்டது மாதிரி. ஆகவே வகுப்பில் சேர்த்தோம்.

கடைவீதியில் உரக்கடைக்கு மேல் மாடியில் வகுப்பு. ஆசிரியை வாரத்துக்கு இரண்டு நாள் தருமபுரியில் இருந்து பேருந்தில் வருவார். பொறுமையானவர். யாரையும் அதட்டி நான் பார்த்ததில்லை. அவர்மீது எனக்கு இன்றும் மரியாதை உண்டு. அவர் வழிமீதுதான் இல்லை. விரலுக்கு எண், கட்டைக்கு ஸ்டிக்கர், ஆறு மாதத்தில் முதல் கிரேடு தேர்வு. முதல் நாளே என் மகள் கட்டையை அழுத்திக்கொண்டு கூடவே ராகமும் இழுத்தாள்.

"பாப்பா, வாய் சும்மா இருக்கணும். இப்ப வெரல் மட்டும். பாட்டு அப்பறம்," என்றார் ஆசிரியை.

"அந்த அப்பறம் எப்பங்க வரும்?" என்று கேட்டேன்.

"மொத கிரேடு முடியட்டும் சார்."

இந்த இடத்தில் நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. குழந்தைகளுக்கு இசையை எப்படிச் சொல்லித்தர வேண்டும் என்று உலகத்தில் யார் யார் என்னென்ன சொன்னார்கள் என்று தேட ஆரம்பித்தேன். ஹங்கேரிக்காரர் ஒருவர், கருவி பிறகு, முதலில் தொண்டை, அதுவும் தாய்மொழிப் பாட்டு என்கிறார். ஜப்பான்காரர் ஒருவர், பிள்ளை பேசக் கற்பது போலவே இசையும் வரும், நிறையக் கேட்கவிடு, பெற்றவர்கள் பக்கத்தில் உட்காருங்கள் என்கிறார். சுவிட்சர்லாந்துக்காரருக்குத் தாளம் காலில் இருக்கிறது. நடந்து கற்றுக்கொள்ள வேண்டும். ஜெர்மனிக்காரருக்குக் கையில் கிடைத்ததையெல்லாம் தட்டிப் பார்க்க வேண்டும். நால்வரும் நாலு திசையில் இழுத்தாலும், இசை எழுத்தையும் குறியையும் கடைசிக்குத் தள்ளிவை என்பதில் ஏறக்குறைய ஒரே குரலில் பேசினார்கள். நம் ஊரில் அதுதான் முதல் நாளே பிள்ளை கையில் கிடைக்கிறது.

படித்தவன் படித்ததோடு நிற்பதில்லை. நாலு நாட்டையும் ஒரே பிள்ளையின் மீது ஒரே மாதத்தில் இறக்கினேன். திங்கட்கிழமை ஹங்கேரி, செவ்வாய்க்கிழமை சுவிட்சர்லாந்து. மொட்டை மாடியில் அவளைத் தாளத்துக்கு நடக்கச் சொல்லி நானும் பின்னாலேயே நடந்தேன். கன்னட வீட்டு அம்மா கீழே இருந்து என் மனைவியிடம், "சாருக்குச் சக்கரை வந்துட்டுதா? டாக்டர் நடக்கச் சொன்னாரா?" என்று அக்கறையாக விசாரித்திருக்கிறார். ஜெர்மனியின் பெயரால் ஒரு எவர்சில்வர் குண்டா நசுங்கியது.

இதையெல்லாம்கூட மன்னிக்கலாம். மன்னிக்க முடியாத ஒன்றையும் செய்தேன். அவள் தன் பாட்டுக்கு ராகம் இழுக்கும்போதெல்லாம் புத்தகத்தை வைத்துவிட்டு ஓடுவேன். "இது என்ன பாட்டு கண்ணு? எங்க கேட்ட? இதுக்குத் தாளம் போடு பாக்கலாம். இன்னும் கொஞ்சம் மேல போவியா?" ஒரு நோட்டு வைத்து எழுதினேன். கைப்பேசியில் பதிவு செய்து குடும்பக் குழுவில் போட்டேன். மச்சான் வரிசையாகக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவார். யாரோ ஒரு சித்தப்பா, "சுருதி கொஞ்சம் இறங்குது, தேன் குடுங்க" என்று எழுதுவார். அவர் ரேஷன் கடையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர்.

ஆயுத பூசை வந்தது. நம் வீடுகளில் அன்றைக்குப் பொட்டு வாங்காத பொருள் கிடையாது. அரிவாள்மணை, மிக்ஸி, இருசக்கர வண்டி, கைப்பேசி சார்ஜர் வரை சந்தனம், குங்குமம். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை என்று இருபது வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். சொல்லிக்கொண்டே சந்தனக் கிண்ணத்தைக் கையில் எடுத்தேன். கீபோர்டின் மேல்மூடியில் ஒரு பொட்டு வைத்தால் போதும். நூலகத்தில் புத்தகம் புத்தகமாக எண் ஒட்டிப் பழகிய கை. வெள்ளைக் கட்டை ஒவ்வொன்றுக்கும் வைத்தேன். சந்தனம் கொஞ்சம் நீர்த்திருந்தது. பார்க்க மங்களகரமாக இருந்தது.

மூன்று வாரம் கழித்து ஆசிரியை கூப்பிட்டனுப்பினார்.

"சார், பாப்பா ஸ, ரி, க வரைக்கும் சுத்தமா வருது. ம-வ மட்டும் விட்டுட்டுப் ப-வுக்குப் போயிடுது. திரும்பி வரும்போதும் அப்படித்தான். எத்தன வாட்டி சொன்னாலும் அந்த எடத்துல ஒரு கேப் விடுது. வூட்டுல யாரு பக்கத்துல உக்காந்து பாக்கறது?"

"நான்தாங்க," என்றேன் பெருமையாக. தினமும் அரை மணி நேரம் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். பெற்றவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து காது கொடுக்க வேண்டும் என்று ஜப்பான்காரர் சொன்னதைப் படித்துக்கொண்டிருந்ததால், காது கொடுக்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்து கட்டையை அழுத்திப் பார்த்தேன். ஸ பேசியது, ரி பேசியது, க பேசியது. ம-வை அழுத்தினால் கட்டை மட்டும் இறங்கி ஏறியது, சத்தம் இல்லை. ஓரத்தில் காய்ந்த சந்தனம்.

"ஏன் கண்ணு, இது வேலை செய்யலன்னு சொல்லல?"

"அதுக்குத்தான் சாமி கும்புட்டாச்சே," என்றாள். "அது பேசாது. அதுக்கு நான் லீவு வுட்டுட்டேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது, பாதியில் நின்றுவிட்டது. பிள்ளை தப்பாகக் கற்றுக்கொள்ளவில்லை. வீட்டில் என்ன கேட்டதோ அதை அச்சுப் பிசகாமல் கற்றிருக்கிறாள். ஒரு இடத்தில் மௌனம் கேட்டது, மௌனத்தையும் கற்றுக்கொண்டாள். தாளம்கூடப் பிசகாமல், சரியாக ஒரு கட்டை அளவுக்கு மௌனம். உரக்கடை மாடியில் அதற்குப் பெயர் தவறு. அப்படியானால் இந்த வீட்டில் இன்னும் என்னென்ன கேட்டு என்னென்ன கற்றிருப்பாள் என்று நினைத்தபோதுதான், வீடு எவ்வளவு அமைதியாக இருக்கிறது என்பது உறைத்தது. குளியலறையில் வாளி நிறையும் சத்தம் தனியாகக் கேட்டது. அவள் செருப்பு மாட்டும்போது செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது.

"இவ ராகம் இழுத்து எத்தனை நாளாச்சு?" என்று மனைவியைக் கேட்டேன்.

மனைவி வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை. "ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு. நீங்க இப்பத்தான் கேக்கறீங்க."

"ஏன், என்ன ஆச்சு?"

"உங்க நோட்டுல எழுதியிருக்கும், பாருங்க."

மகளிடமே கேட்டேன். அது அடுத்த தப்பு. ஆனால் பதில் கிடைத்தது. பொம்மைக்குத் தலை வாரிக்கொண்டே, கோபம்கூட இல்லாமல் சொன்னாள்: "பாடுனா கேள்வி கேப்பீங்க."

ஐம்பதை நெருங்குகிற வயதில், நாலு நாட்டு அறிஞர்களைக் கரைத்துக் குடித்த பிறகு, ஒரு பிள்ளையின் வாயை அடைத்தது வகுப்பு மட்டும் அல்ல, நானும்தான் என்று தெரிந்துகொண்டேன். இதற்குப் பிறகு நான் செய்ததெல்லாம் பிடிவாதம். பிடிவாதம் என்றே வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. அந்தச் சத்தம் திரும்பி வர வேண்டும். அது வருவதற்கு எது குறுக்கே நின்றாலும், அது நானாகவே இருந்தாலும், அதை அப்புறப்படுத்த வேண்டும்.

முதலில் நோட்டைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டேன். குடும்பக் குழுவில் இருந்து வெளியேறினேன். "என்ன ஆச்சு, உடம்பு சரியில்லையா?" என்று பதினோரு பேர் தனித்தனியாகக் கேட்டார்கள். பிறகு உரக்கடை மாடிக்குப் போனேன்.

"அடுத்த மாசம் எக்ஸாம் சார். இந்த நேரத்துல நிறுத்தலாமா? நல்லா வர்ற பாப்பா."

"நல்லா வருதுன்னு எப்படிங்க தெரியும்?"

"எக்ஸாம் வெச்சாத்தானே சார் தெரியும்."

"அப்ப இப்பத் தெரியாதுங்களா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "சர்டிபிகேட் இல்லன்னா, கத்துக்கிட்டதுக்கு என்னா சார் ப்ரூஃப்?"

"பக்கத்து வூட்டுல கன்னடம் கத்துக்கிட்டாளே, அதுக்கு என்ன ப்ரூஃப் இருக்குதோ, அதுதாங்க. வாயத் தொறந்தாத் தெரியும். தொறக்கலன்னா அவ இஷ்டம்."

"சார், நீங்க பேசிட்டுப் போயிடலாம்," என்றார் ஆசிரியை, வருத்தமாகத்தான். "எல்லா அப்பா அம்மாவும் மொத நாளே கேக்கறது, எப்ப எக்ஸாம், எப்ப மேடைன்னுதான். பாட்டு வருதான்னு இதுவரைக்கும் ஒருத்தர் கேட்டதில்ல. நீங்களே கூட, அப்பறம் எப்ப வரும்னுதான் கேட்டீங்க."

அவர் சொன்னது நியாயம். இன்றைக்கும் நியாயம்தான். எல்.கே.ஜி. முடித்த பிள்ளைக்குக் கறுப்பு அங்கி மாட்டிப் பட்டமளிப்பு விழா நடத்துகிறோம். பத்தாம் வகுப்புப் பிள்ளையின் முகத்தையும் மதிப்பெண்ணையும் ஃப்ளெக்ஸில் அடித்துப் பேருந்து நிலையத்தில் கட்டுகிறோம். அளக்காமல் விட்ட எதையும் யாரோ திருடிக்கொண்டு போய்விடுவார்கள் என்று நமக்குப் பயம். அந்தப் பயத்தில்தான் அந்த அம்மா வகுப்பு நடத்துகிறார். அந்தப் பயத்தில்தான் நானும் நோட்டுப் போட்டேன். ஆனாலும் மகளை அழைத்துக்கொண்டு படியிறங்கினேன். நியாயம் அவர் பக்கம் என்பதற்காகச் செய்யாமல் இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

"எங்கண்ணனுக்கு நீங்களே சொல்லிக்குங்க," என்றாள் மனைவி. "நான் நடுவுல வரமாட்டேன்."

சொல்ல வேண்டிய அவசியம் வரவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமையே மச்சான் மனைவியோடும் இரண்டு உறவினர்களோடும் வந்து இறங்கினார். ஒகேனக்கல் போய்க் குளித்துவிட்டு, மதியச் சாப்பாட்டுக்கு எங்கள் வீடு என்று முன்பே பேச்சு. நாட்டுக்கோழி அடுப்பில் இருந்தது. தண்ணீர் கொடுத்தோம். மின்விசிறியைப் போட்டோம்.

"வா கண்ணு. மாமனுக்கு ஒரு பாட்டு பாடு," என்றார்.

மகள் கதவோரம் நின்றாள். கை பாவாடை நுனிக்குப் போனது. மாமனைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

"பாட மாட்டா மச்சான்," என்றேன்.

"அட, வெக்கப்படாத கண்ணு. நம்ம மாமன்தான. அந்தப் பொட்டியில வாசிச்சாவது காட்டு."

"வாசிக்கவும் மாட்டா. கிளாஸ நிறுத்தியாச்சுங்க."

கூடத்தில் இருந்த எல்லோரும் ஒரே நேரத்தில் முறுக்கைத் தட்டில் வைத்தார்கள்.

"ஏன், அந்தம்மா சரியில்லீங்களா?"

"நல்லவங்கதான்."

"அப்பறம் என்னாங்க மாப்ள? நான் சீரா வெச்ச பொருளு. சும்மா கெடக்கறதுக்கா ஊரு பாக்கத் தூக்கியாந்தேன்?"

"பொருள் இருக்கட்டுங்க. அவ எப்ப வேணுமோ அப்பத் தட்டிக்குவா. யாரும் வா, தட்டுன்னு சொல்ல வேணாம். பாடுன்னும் சொல்ல வேணாம். இந்த வூட்டுல இனிமே அது கெடையாதுங்க."

"ஒரு பாட்டு பாடச் சொன்னது ஒரு குத்தமா?" மச்சானின் குரல் ஏறியது. அது சாதாரணமாகவே தெருமுனை வரை போகும். "தாய்மாமன் நான். என் மடியிலதான் காது குத்துனீங்க. நான் கேக்கக் கூடாதா?"

இங்கேதான் எல்லோரும் என் மனைவியைப் பார்த்தார்கள். அவள் சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். நடுவில் வராமல் அடுப்படிக்குப் போனாள். ஆகவே நடுவில் நானே வந்தேன். உடம்போடு.

"சரிங்க மச்சான். அவ அப்பறம் பாடட்டும். நீங்க ஒன்னு பாடுங்க."

"நானா?"

"ஏன், உங்களுக்கும் தொண்டை இருக்குதில்ல? நல்லாப் பெருசாவே இருக்குது."

உறவினர் ஒருவர் சிரித்துவிட்டு, சிரிக்காதது போல இருமினார். மச்சானின் மீசை துடித்தது. அவர் நெளிந்தார். நாற்காலியின் கையைத் தேய்த்தார். மேலே பார்த்தார். ஐம்பத்திரண்டு வயது ஆள், பாவாடை மட்டும்தான் இல்லை.

"அதெல்லாம் எனக்கு வராதுங்க."

"வராதா?" என்றார் அவர் மனைவி சட்டென்று. "அண்ணா, டிராக்டர்ல ஏறுனா அந்தக் காடே கிழியற மாதிரி பாடுவாரு. கேக்க நல்லாத்தான் இருக்கும். யாராச்சும் வரப்புல வந்து நின்னாப் போதும், டப்புன்னு நிறுத்திக்குவாரு."

"ஏ, நீ சும்மா இரு."

"அதேதாங்க மச்சான்," என்றேன். "இவளும் டிராக்டர்லதான் இருந்தா. நாம எல்லாரும் வரப்புல வந்து நின்னுட்டோம். மொத ஆளா நான் நின்னேன்."

புத்தகங்களில் இப்படி ஒரு வாக்கியத்துக்குப் பிறகு எதிராளி மனம் மாறுவார். மொரப்பூர்க்காரர்கள் புத்தகப்படி நடப்பதில்லை. மச்சான் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"நாலு பேருக்கு முன்னாடி என்னைய பாடச் சொல்லிட்டீங்க. ரொம்ப சந்தோசம் மாப்ள." வெளியே போய் வேனில் உட்கார்ந்துகொண்டார். அவர் மனைவி என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார், பின்னாலேயே போனார். மற்ற இருவரும் கோழி வாசம் வந்த திசையை ஒருமுறை பார்த்துவிட்டு எழுந்தார்கள். கை நனைக்காமல் நாலு பேர் போனார்கள். நம் பக்கத்தில் இதைவிடப் பெரிய தண்டனை சட்டத்தில் கிடையாது.

"முழுக் கோழி," என்றாள் மனைவி. "நீங்க தனியாத் தின்னு முடிங்க."

முடித்தேன். மூன்று நாள் ஆனது.

அதற்குப் பிறகு நடந்தது என்னவென்றால், ஒன்றும் நடக்கவில்லை. அதுதான் கஷ்டம். வகுப்பு இல்லை, கேள்வி இல்லை, நோட்டு இல்லை, ராகமும் இல்லை. நான் என்னவோ அவளை விடுவித்த மறுநாளே வாளிச் சத்தத்துக்கு மேல் அது வந்துவிடும் என்று எதிர்பார்த்தேன். ஒரு வாரம், இரண்டு வாரம். அவள் கன்னடத்தில் சண்டை போட்டாள், தமிழில் கணக்குப் போட்டாள், இருந்தும் அந்த ஒன்று மட்டும் வரவில்லை. வகுப்பும் போய், மச்சானும் போய், பாட்டும் போய், கையில் மிஞ்சியது என் கொள்கை மட்டும்தானோ என்று பயம் வந்தது. கொள்கையை வைத்துக்கொண்டு களி கூடத் தின்ன முடியாது. "இன்னொரு எடத்துல சேத்துப் பாக்கலாமா?" என்று மனைவியே ஒருநாள் கேட்டாள். வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டாள். வேண்டாம் என்று மட்டும் மறுபடியும் சொன்னேன்.

கேட்காமல் இருப்பதும் பாடகர்கள் செய்கிற சாதகம் மாதிரி ஒரு பயிற்சி. அதை இந்த வயதில் தொடங்கினால் வலிக்கும். அவள் அறையைக் கடக்கும்போது நடையை மெதுவாக்கக் கூடாது, மெதுவாக்கினால் தெரிந்துவிடும். சும்மா ஒரு பாட்டுப் போட்டுவிட்டு ஓரக்கண்ணால் பார்க்கக் கூடாது. அதைவிட, எதிர்பார்க்கிறேன் என்பது முகத்தில் தெரியக் கூடாது. என் முகம் இதற்கெல்லாம் பழகினது அல்ல. பல நாள் நாளிதழைத் தூக்கிப் பிடித்து மறைத்துக்கொண்டேன். அப்படித்தான் நூலகத்துக்கு வருகிற மற்ற மூன்று பேரும் எதையோ மறைக்க நாளிதழைப் பிடித்திருக்கிறார்கள் என்று புரிந்தது.

ஏழாவது வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மச்சானிடம் இருந்து அழைப்பு வந்தது. சண்டைக்குப் பிறகு முதல் அழைப்பு. குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்க நாள் குறிக்க வேண்டும். தங்கச்சி குடும்பத்துக்குச் சொல்லாமல் இருக்க முடியாது. என் பெயரையோ உறவையோ சொல்லாமல், "தையில ரெண்டாவது வெள்ளி. வர முடியுங்களா?" என்று பொதுவாகக் காற்றைக் கேட்டார். நானும் காற்றுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்போது கொல்லைப்புறத்தில் இருந்து அது வந்தது.

மகள் பள்ளிக்கூட ஷூவைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள். பிரஷ் போகிற போக்குக்கு ஒரு இழுப்பு. ஏறியது, ஒரு இடத்தில் உடைந்தது, அவள் கவலைப்படாமல் வேறு எங்கோ கீழிருந்து பிடித்துக்கொண்டு மறுபடி ஏறினாள். சுருதி அந்தச் சித்தப்பா சொன்னதைவிட மோசம். என்ன பாட்டு என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ளவும் முயலவில்லை. அடுப்படியில் மனைவி கறிவேப்பிலையை உருவினபடியே நின்றுவிட்டாள். என்னைப் பார்த்தாள். வாயைத் திறக்கப் போனாள். நான் தலையை ஆட்டினேன். அவள் மறுபடி உருவத் தொடங்கினாள், சத்தம் வராமல்.

"மாப்ள," என்றார் மச்சான். ஏழு வாரத்துக்குப் பிறகு அந்தச் சொல். "யாரு, பாப்பாவா பாடுறா?"

"இல்லீங்க மச்சான்," என்றேன். "யாரும் பாடல."

மறுமுனையில் வேறு யாரோ அவரிடம் எதையோ கேட்டதும், அவர் "ச்சு" என்று அடக்கியதும் கேட்டது.

"சரிங்க மாப்ள," என்றார். "யாரும் பாடல."

அவர் வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. பிரஷ் இடது ஷூவுக்கு மாறியது. எப்போதும் தெருமுனைக்குக் கேட்கிற குரலில் பேசுகிற மனிதர், எனக்கே சரியாகக் கேட்காத குரலில் சொன்னார்:

"ஃபோனக் கொஞ்சம் அந்தப் பக்கமாப் புடிங்களேன்."

"அதெல்லாம் முடியாதுங்க," என்றேன்.